துண்டுக்கு அடியில் ஒரு கை

என் வீட்டுக்காரர் மாட்டுத் தரகர். கடத்தூர், பாலக்கோடு பக்கத்துச் சந்தைகளில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. மாட்டு விலையை அங்கே வாயால் சொல்ல மாட்டார்கள். தரகரும் வாங்குபவரும் கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, அடியில் விரலைப் பிடித்து அமுக்குவார்கள். எத்தனை விரல், எந்த விரல் என்பதுதான் விலை. சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சாட்சியும் கிடையாது, ரசீதும் கிடையாது. கை சொன்னால் சொன்னதுதான். எங்களுக்குச் சோறு போட்டது அவர் கைமேல் சந்தைக்கு இருந்த நம்பிக்கை.

அவருக்கு அவ்வப்போது ஏதோ ஆகிறது என்பது கல்யாணமான புதிதிலேயே எனக்குத் தெரியும். பேசிக்கொண்டே இருப்பவர் சட்டென்று நின்றுவிடுவார். கண் ஒரே இடத்தில் நிலைகுத்தும். வாய் எதையோ மெல்லும். வலது கை வேட்டியைப் பிடித்துப் பிசையும். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழிப்பார். கேட்டால், அடிவயிற்றிலிருந்து என்னவோ மேலே ஏறியது, டயர் கருகுகிற நாற்றம் அடித்தது என்பார். அதற்குமேல் ஒன்றும் நினைவிருக்காது. எந்நேரமும் வெற்றிலை போடுகிற மனுஷன், வாய் அசைந்தால் யார் கவனிக்கப்போகிறார்கள்? கேஸ் என்றார் ஒரு டாக்டர். டென்ஷன் என்றார் இன்னொருவர். மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டார். வலிப்பு என்ற பேச்சு ஒருத்தர் வாயிலும் வரவில்லை. வலிப்பு என்றால் கீழே விழ வேண்டும், நுரை தள்ள வேண்டும், யாராவது ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டும். இவர் நின்ற இடத்திலேயே அல்லவா நின்றார்.

அது துண்டுக்கு அடியிலும் ஒருநாள் வந்தது. ஒரு ஜோடிக் காளைக்குப் பேச்சு. வாங்க வந்தவர் இவருக்குப் பல வருஷப் பழக்கம். இவர் விரலை அமுக்கி விலையை முடித்துவிட்டார் என்று சொல்லி அவர் காளைகளை அவிழ்க்கப் போனார். நான் முடிக்கவே இல்லை என்றார் இவர். அந்த விலைக்குத் தர மாட்டேன் என்று மாட்டுக்காரர் குதித்தார். வாய்ச்சண்டை முற்றிக் கோயில்வரை போனது. இவர் சாமி முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, அப்படி விரல் கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்தார். வழக்கமாக அதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் காளை வாங்க வந்தவரும் இன்னொரு கற்பூரத்தை அணைத்தார், கொடுத்தார் என்று.

இருவரில் ஒருவர் பொய்ச் சத்தியம் செய்திருக்கிறார் என்றாகிவிட்டது. யார் என்று ஊர் காத்திருந்தது. அதுவரை யார் கண்ணிலும் படாதது அதன்பிறகு எல்லார் கண்ணிலும் பட்டது. டீக்கடையில் இவர் டம்ளரைப் பிடித்தபடி உறைந்து நின்றார். பஸ் ஸ்டாண்டில் வாயை மென்றுகொண்டு நின்றார். பார்த்தீர்களா, சாமி கேட்டுவிட்டது என்றார்கள்.

அதைக் கேட்ட ஆத்திரத்தில்தான் அவருக்கு வந்தபோது செல்போனில் படம் பிடித்தேன். தருமபுரிக்கு அழைத்துப்போய் நரம்பு டாக்டரிடம் காட்டினேன். அந்த டாக்டரம்மா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். சின்ன வயதில் காய்ச்சலோடு வெட்டி இழுத்ததா என்று கேட்டார். கைக்குழந்தையாக இருந்தபோது ஜன்னி கண்டு பிழைத்தவன் என்று மாமியார் சொல்லியிருந்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. தலை முழுக்க ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். காதுக்கு உள்பக்கமாக மூளையில் ஒரு தழும்பு இருக்கிறது, இதுவும் வலிப்புதான், எல்லா வலிப்பும் ஆளைக் கீழே தள்ளாது என்று டாக்டர் விளக்கினார். மாத்திரையில் நிற்காவிட்டால் ஆபரேஷனும் உண்டு என்றார்.

இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்நேரத்துல யாராவது கையப் புடிச்சிருந்தா, என் கை தானா அமுக்குமாங்க?"

"அமுக்கலாங்க. உங்களுக்கு அது தெரியவே தெரியாது."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் புருஷன் பொய்யர் இல்லை என்று ஊரைக் கூட்டிச் சொல்லலாம் என்று பஸ்ஸில் திட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படீன்னா அந்தாளு சொன்னதுதான் நெசம். நான் அடிச்சது பொய்ச் சத்தியம்" என்றார்.

மாத்திரை எளிதில் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் கொடுத்தது பகலெல்லாம் தூங்கவைத்தது. மாற்றிக் கொடுத்ததில் எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுந்தார். மூன்றாவதாகக் கொடுத்ததில்தான் நின்றது. ஒருவேளைகூடத் தவறாமல் போட்டுக்கொள்கிறார். பொங்கலிலிருந்து ஒருமுறையும் வரவில்லை. நான் சந்தைக்கே போய் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். ஒடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க என்றார்கள். அடுத்த சந்தையில் அவரிடம் ஒருத்தரும் கை நீட்டவில்லை. தானாகப் பேசுகிற கையை எவன் நம்புவான்? அவர்கள்மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

சந்தை போனது போகட்டும், ஆள் மிஞ்சினாரே என்றுதான் நினைத்தேன். போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்றார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான தண்ணீர்த் தொட்டியின் வால்வை முந்தின நாள் யாரோ திறந்துவிட்டு, அவருடைய தக்காளி நாற்றெல்லாம் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறதாம். நீங்கள் திறந்தீர்களா என்று இவரைக் கேட்டார்.

"தொறந்திருப்பேங்க" என்றார் இவர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேற்று முழுக்க என்னோடு தருமபுரி ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவர், இருட்டிய பிறகுதானே வீடு வந்தோம் என்று சத்தம் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரருக்கே ஒருமாதிரி ஆகி, சரி விடுங்க என்று போய்விட்டார். இவர் என் முகத்தையே பார்த்தார்.

"உனக்கு நல்லாத் தெரியுமா?"

தெரியும் என்றேன். சாமி சத்தியமாக என்று சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், வாசலில் நின்று நாற்றுக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.