துண்டில் சுற்றிவைத்த கைப்பிடி

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. கொழுந்தனும் அவர் மனைவியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவர்களுடைய பிள்ளைகள் இரண்டையும் என் பிள்ளைகளோடு சேர்த்துக்கொண்டேன். சோறு போடும்போது எந்தத் தட்டு யாருடையது என்று நான் பார்த்ததில்லை. மூன்றாம் வகுப்பு வரைதான் படிப்பு. என் பெயரை எழுதுவேன், பஸ்ஸில் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அதற்கு மேல் கிடையாது. ஆகவே நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் மகள் வயிற்றுப் பேத்தி. மலேசியாவில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நான் பேசுகிறபடி எழுத மாட்டாள், திருத்தித்தான் எழுதுவாள். எழுதட்டும். சங்கதி மாறாமல் இருந்தால் போதும்.

என் பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் ஒரு துண்டு இருக்கிறது. என் வீட்டுக்காரர் தோளில் கிடந்த சிவப்புக் கரைத் துண்டு. அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகக் கிரீஸ் கறை. துவைத்தால் போய்விடும், நான் துவைக்கவில்லை. அந்தக் கறையைப் பார்க்கும்போதெல்லாம் தேனியில் நான் பார்த்த ஒரு பிரேக் இன்ஸ்பெக்டரின் முகம் வரும். வண்டியைச் சோதித்துப் பதிவுக்கு எழுதிக் கொடுக்கிற அதிகாரியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

என் மகள் பெரியகுளத்தில் தோட்டக்கலை படித்தாள். கல்யாணமாகி மலேசியா போய், அங்கே எண்ணெய்க்காகப் பயிரிடுகிற செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் முதுகுத்தண்டில் ஒரு நோய் வந்து, இடுப்புக்குக் கீழே அசைவு நின்றுபோனது. நான் போய் ஆறு மாதம் கூட இருந்தேன். திரும்பி வரும்போது, இனி இவள் ஒரு அறைக்குள்தான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் அப்படி நினைக்கவில்லை. கையாலேயே கார் ஓட்டப் படித்தாள். கியர் மாற்ற வேண்டாத சின்னக் கார். ஸ்டீயரிங்குக்குக் கீழே முழம் நீளத்தில் ஒரு இரும்புக் கைப்பிடி, அதிலிருந்து இரண்டு கம்பிகள் காலடிக்குப் போகும். முன்னால் தள்ளினால் பிரேக், மடிப்பக்கம் இழுத்தால் வேகம். அந்தக் கைப்பிடி வந்த பிறகு வேலைக்கும் கடைக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் அவளே போய்வந்தாள்.

பெரியகுளத்தில் ஒரு விதை ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்ததும் ஊருக்குத் திரும்புவது என்று முடிவு செய்தாள். மருமகனுக்கு அங்கே இரண்டு வருஷ ஒப்பந்தம் பாக்கி. மகளும் பேத்தியும் முதலில் வந்தார்கள். எங்கள் வீடு சின்னமனூரில். அங்கிருந்து பெரியகுளம் ஒரு மணி நேரத்துக்கு மேல். அவளைத் தினமும் பஸ்ஸில் யார் தூக்கி ஏற்றுவது? ஆகவே காரையும் கொண்டுவருகிறேன் என்றாள். அந்நிய நாட்டுப் பழைய காரை இங்கே கொண்டுவருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. நம் ஊர்போல வலப்பக்கம் ஸ்டீயரிங் இருக்க வேண்டும், அதிகம் பழசாகியிருக்கக் கூடாது, சொந்தப் பெயரில் ஓட்டியதற்கு அத்தாட்சி வேண்டும் என்று ஏகப்பட்ட சட்டம். கப்பலில் மும்பை வந்து, சுங்கத்தில் கிடந்து, சோதனைக்கூடத்தில் கிடந்து, லாரியில் ஏறி எங்கள் தெருவுக்கு வரும்போது ஐந்து மாதம் ஓடிவிட்டது. செலவைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. அது என் மகள் சம்பாத்தியம்.

லாரியிலிருந்து கார் இறங்கிய அன்று தெருவே கூடியது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன், சந்தனம் குங்குமம் வைத்தேன். என் தம்பி மெக்கானிக். மேகமலை ஏறுகிற ஜீப்புகளோடு ஆயுசைக் கழித்தவன். அவன் காரைச் சுற்றி வந்து, "ஏக்கா, நம்ம ஜீப்பு பதினஞ்சு பேர ஏத்திக்கிட்டு மலை ஏறும். இது அஞ்சு பேர ஏத்தினா உக்காந்துக்கிடும் போலிருக்கே" என்றான். எதிர்வீட்டுக்காரி கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தாள். "மதினி, சீமைக் காத்த உள்ளயே அடச்சுக் கொண்டாந்திருக்காகளா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். அதே வாயால் அடுத்ததும் கேட்டாள்: "அது என்ன கம்பி? ஓ, நொண்டி வண்டியா?"

அவள் மனதில் ஒன்றுமில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான்தான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து பிள்ளைகளை வளர்த்தபோதும் ஒருவர் வாசலில் போய் நின்றவள் இல்லை நான். முதியோர் பணத்துக்கு மனு எழுதித் தருகிறோம் என்று வந்தவர்களைக் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பியவள். என் மகளுக்கு அப்படி ஒரு பெயரா?

மறுநாள் பதிவு வேலைக்காக ஒரு புரோக்கர் வந்தார். அவரும் அந்தக் கைப்பிடியைத்தான் பார்த்தார். "இது இருந்தா வேற ஃபாரம், வேற வகை. மாற்றுத்திறனாளி வண்டின்னு ஆர்சியிலயே ஏத்திருவாக. கழட்டிட்டுக் கொண்டாங்க, சாதாரண வண்டியா முடிச்சிரலாம். பெறகு மாட்டிக்கிட்டா யாரு கேக்கப் போறாக?" என்றார். என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: ஆர்சி என்கிற பதிவுச் சான்றிலேயே ஏற்றிவிடுவார்கள். வண்டி இருக்கும் வரை அந்தப் பெயரும் இருக்கும்.

தேனிக்குப் போவதற்கு முந்தின நாள் மத்தியானம் மகள் உடற்பயிற்சி வைத்தியத்துக்குப் போயிருந்தாள். தம்பியைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னேன். அவன் தயங்கினான். "அதுகிட்ட ஒரு வார்த்தை கேக்காமயா?" என்றான். "ஆத்தாக்காரி சொல்றேன், கழட்டுடா" என்றேன். நாலு போல்ட்டு, கால் மணி நேர வேலை. கைப்பிடியை வீட்டுக்காரர் துண்டில் சுற்றிப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டபோது நல்ல காரியம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

காலையில் தற்காலிக எண் ஒட்டிய காரில் தம்பி ஓட்ட உட்கார்ந்தான். மகள் முன்சீட்டில், நான் பின்னால். அவள் குனிந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே பார்த்தாள். தம்பி, "வந்து மாட்டிக்கிடலாம் தாயி" என்றான். உத்தமபாளையத்துப் பக்கமிருந்து வந்த வாழைத்தார் லாரி ஒன்று வெகுதூரம் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. வீரபாண்டி ஆற்றுப் பாலம் வந்தபோது, திரும்பாமலே சொன்னாள்: "ஏம்மா, என் காலக் கழட்டி வச்சுட்டு வந்துட்டியே."

இடுப்பில் செருகியிருந்த பீரோச் சாவியைத் தேனி வரும்வரை கையால் பொத்திக்கொண்டே வந்தேன்.

ஆபீசுக்குப் பக்கத்து மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. பிரேக் இன்ஸ்பெக்டர் ஒல்லியான ஆள், ஐம்பது வயதிருக்கும். பேச்சில் தஞ்சாவூர்ப் பக்கம் தெரிந்தது. ஒவ்வொரு வண்டியின் அடியிலும் குனிந்து, செதுக்கியிருக்கும் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். சின்னப் பிள்ளைகள் காசின் மேல் தாளை வைத்துத் தேய்ப்பார்களே, அந்த மாதிரி. எங்கள் முறை வந்தது. எண்ணைத் தேய்த்து எடுத்தார். பிறகு காகிதக் கட்டை வாங்கி, நின்ற இடத்திலேயே ஒரு பக்கம் விடாமல் படித்தார். புரோக்கர் படிக்கவில்லை, நாங்களும் படிக்கவில்லை. அவர் படித்தார்.

"சுங்கப் பத்திரத்துல கையால் இயக்கும் கருவியோடன்னு இருக்கே. கருவி எங்க?"

புரோக்கர் யாரோ கூப்பிட்டதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பி தரையைப் பார்த்தான். நான் முன்னால் போய், "அப்படி ஒண்ணு இல்லைங்கய்யா" என்றேன்.

இந்த இடத்தில் பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு, "இதையும் எழுதணுமா அம்மாச்சி?" என்று கேட்கிறாள். எழுது.

அவர் என்னைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை. கதவைத் திறந்து குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். போல்ட்டு இருந்த இடத்தில் நாலு துளைகள், உள்ளே பளபளவென்று தூசி படாத இரும்பு. நிமிர்ந்து என் மகளிடம், "நீங்க சொல்லுங்கம்மா" என்றார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இருக்கு சார். வீட்ல இருக்கு. அம்மா பத்திரமா எடுத்து வச்சிருக்காக" என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் உண்மையைச் சொன்னாள்.

அவர் சட்டைப்பையில் இருந்த பேனாவின் மூடியை அதுவரை திறக்கவில்லை. அன்று அவர் அதைத் திறந்து, காகிதத்தில் ஒன்று, வண்டியில் வேறொன்று என்று ஒரு வரி எழுதியிருந்தால் எங்கள் காரியம் எத்தனை மாதம் இழுத்திருக்குமோ தெரியாது. அவர் எழுதவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, இப்ப சாதாரண வண்டின்னு எழுதிட்டேன்னு வைங்க. நாளைக்கு ரோட்டுல ஏதாவது ஆச்சுன்னா, ஆர்சியில இல்லாத கம்பியை ஏன் மாட்டுனீங்கன்னு கேட்டு இன்சூரன்ஸ்ல கையை விரிச்சிருவாங்க. உங்க பொண்ணுதான் நடுவுல நிக்கணும். எழுதிட்டா அது கம்பி இல்லை, வண்டியில ஒரு பாகம். போய் மாட்டிக்கிட்டு வாங்க. மூணு மணி வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

சின்னமனூர் போய்த் திரும்பினோம். பீரோவைத் திறந்து நானே எடுத்துக் கொடுத்தேன். தம்பி போல்ட்டை முறுக்கும்போது, "ஏக்கா, இதக் கழட்டுனப்ப இம்புட்டு நேரம் ஆகலையே" என்றான். கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. நாங்கள் தேனி சேர்ந்தபோது மூன்றரை. மைதானம் பாதி காலி. அவர் வேப்பமரத்தடியில் சைக்கிள் டீக்காரரிடம் டீ வாங்கிக் குடித்துக்கொண்டு நின்றார்.

கருவியைப் பார்த்தார். மகளிடம், "இந்த ஊர் லைசென்ஸ் வர்ற வரைக்கும் நீங்க ரோட்டுல ஓட்டக் கூடாது. இந்த மைதானத்துக்குள்ள என் முன்னால ஓட்டிக் காட்டுங்க" என்றார். அவர் பக்கத்தில் உட்கார, அவள் ஓட்டினாள். லைசென்சுக்கு வருகிறவர்கள் எட்டுப் போடுகிற இடத்தில் எட்டுப் போட்டாள். கம்பத்தில் உரசாமல், ஒரு இடத்தில்கூடத் திணறாமல். வரிசையில் மிச்சமிருந்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

அவர் இறங்கி இந்தப் பக்கம் வந்தார். "எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க. நான் ஓட்டிப் பாக்காம எப்படி எழுதுறது?" என்றார். தம்பி என் மகளைத் தூக்கிப் பக்கத்துச் சீட்டில் வைத்தான். இன்ஸ்பெக்டர் கால்களை மடக்கிப் பின்னால் வைத்துக்கொண்டு கைப்பிடியை இழுத்தார். கார் தவளை மாதிரி ஒரு குதி குதித்தது. பயந்துபோய்த் தள்ளினார், காரின் மூக்கு தரையில் இடிப்பதுபோல நின்றது. மறுபடி இழுத்தார், மறுபடி ஒரு குதி. உள்ளே என் மகள், "மெதுவா சார், மாட்டுக்குப் பால் பீச்சுற மாதிரி இழுங்க" என்று சொன்னது வெளியே கேட்டது. கூட்டத்தில் ஒருவர், "சார், எங்கள மட்டும் ஃபெயிலாக்குனீகளே!" என்று கத்தினார். மைதானமே சிரித்தது. அவரும் சிரித்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நான் ஃபெயில். இந்தம்மா பாஸ்" என்றார்.

என் மகளின் உடம்பில் என்ன இல்லை என்பதையே அத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஊரே அண்ணாந்து பார்க்கிற ஒரு அதிகாரிக்கு வராத வித்தை அவள் கையில் இருக்கிறது என்பதை அந்த மைதானத்தில்தான் பார்த்தேன். அந்த மனிதர் எனக்குப் புத்தி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்கவும் மாட்டேன். நாலு பேர் முன்னால் இரண்டு தடவை குதித்துக் காட்டினார், அவ்வளவுதான். பிறகு பேனா மூடியைத் திறந்து எழுதினார்.

பத்து நாளில் ஆர்சி வந்தது. மாற்றுத்திறனாளிக்காக மாற்றி அமைத்த வண்டி என்று அதில் போட்டிருப்பதாகப் பேத்தி படித்துச் சொன்னாள். இரண்டு மாதத்தில் மகளுக்கு லைசென்சும் வந்தது. ஒரு கூடை பன்னீர் திராட்சை எடுத்துக்கொண்டு அந்த மனிதரைப் பார்க்கத் தேனிக்குப் போனேன். மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று கேட்டேன்; சொன்னார்கள், மறந்துவிட்டேன். கூடையை வரிசையில் நின்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். என் வாயால் அவருக்கு ஒரு நன்றி சொல்லவில்லை. அதனால்தான் இப்போது இதைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். எங்காவது இது அவர் கண்ணில் பட்டால், பொய் சொன்ன கிழவி நான்தான் என்று தெரிந்துகொள்ளட்டும்.

இன்றைக்கும் எட்டு மணிக்கு மகள் பெரியகுளத்துக்குக் கிளம்பிப் போனாள். எதிர்வீட்டுக்காரியும் கூடப் போயிருக்கிறாள். தேவதானப்பட்டியில் அவளுடைய மகள் வீடு, பெரியகுளத்தில் இறங்கிப் பஸ் பிடித்துக்கொள்வாள். வாரம் ஒருமுறை இப்படித்தான். அவர்கள் போன பிறகு பீரோவைத் திறந்து துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கறை கொஞ்சம் வெளுத்திருக்கிறது. இந்தக் கறையும் போனால், அன்றைக்கு நான் செய்தது எனக்கே மறந்துபோகும்.

போதும் தாயி, எழுதினது போதும். முதலிலிருந்து ஒருமுறை படித்துக் காட்டு. 'அப்படி ஒண்ணு இல்லைங்கய்யா' என்று நான் சொன்ன இடம் வரும். அதை முணுமுணுத்துத் தாண்டிவிடாதே, எனக்குக் கேட்கிற மாதிரிப் படி.