முன்னூற்று இரண்டில் பதினேழு போனால்

திரைச்சீலை தைக்கும் கடையில் கட்டிங் மாஸ்டராக இருப்பவர் கத்தரிக்கோலுக்குப் பயப்படக் கூடாது, துணிக்குப் பயப்படக் கூடாது, முதலாளியம்மாவுக்குக் கொஞ்சமாகத்தான் பயப்படலாம். நம் மாஸ்டர் இந்த விதிகளை எல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடித்தவர். அவர் பயந்தது கழித்தலுக்கு மட்டும்தான்.

அதிலும் எல்லாக் கழித்தலுக்கும் அல்ல. ஒன்பதில் நாலு போனால் ஐந்து என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மேலே சின்ன எண்ணும் கீழே பெரிய எண்ணுமாக வந்து நின்றால்தான் ஆள் நழுவிவிடுவார். சின்ன வகுப்பில் வாத்தியார் கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லிக்கொடுத்த அன்று இவர் காய்ச்சலில் படுத்துக் கிடந்தார். திரும்பிப் போனபோது வகுப்பே கடன் வாங்கப் பழகியிருந்தது. யாரிடம் வாங்குவது, எவ்வளவு வாங்குவது, வாங்கியதை எப்போது திருப்பித் தருவது என்று இவருக்கு மட்டும் தெரியவில்லை. கேட்கப் பயம். அந்தப் பயத்தை உடையாமல் சிந்தாமல் மீசை நரைக்கும் வரை சுமந்து வந்துவிட்டார்.

கழிக்கத் தெரியாமலும் ஒரு மனிதன் கௌரவமாக வாழலாம். என்ன, சற்று சாமர்த்தியம் வேண்டும். யாராவது வயதைக் கேட்டால், "பாத்தா தெரியலையா?" என்பார். ரயிலுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட வராததால், எந்த ரயிலாக இருந்தாலும் அது ஸ்டேஷனுக்கு வருவதற்கு வெகு முன்பே பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பார். "எங்க வீட்டுக்காரர் மாதிரி நேரம் தவறாத மனுஷனைப் பாக்க முடியாது" என்று அவர் மனைவி சொந்தக்காரர்களிடம் பெருமை பேசுவாள். அவர் மறுப்பதில்லை.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. வெட்டுவதற்கு முன் மாஸ்டர் அளவை உரக்கச் சொல்ல வேண்டும். துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருப்பதால் ஓவர்லாக் அக்கா என்றே பெயராகிப்போன அக்கா, "கேட்டாச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கத்தரிக்கோல் துணியைத் தொடும். முதலாளியம்மாவின் மாமியார் காலத்தில் யாரோ கதவுச் சீலையை ஜன்னலுக்கு வெட்டிவிட்டதால் வந்த ஏற்பாடு. கூட்டல், கழித்தல் எல்லாவற்றையும் முதலாளியம்மாவே போட்டுத் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். மாஸ்டர் அதைக் கோயில் மணி மாதிரி கணீரென்று வாசிப்பார். அவ்வளவுதான் வேலை.

அன்றைக்கு முதலாளியம்மா பல் பிடுங்கப் போயிருந்தார்.

மேஜை மேல் ஒரு பெரிய அரங்கத்தின் மேடைச் சீலைக்கான மெரூன் வெல்வெட் உருளை கிடந்தது. மறுநாள் சாயங்காலம் அரங்கத் திறப்பு. அந்தச் சாயத்தில் மில்லில் இனித் துணி கிடையாது. பட்டைகளாக வெட்டித் தைத்தால் சரியாகப் போதும், ஒரு முழம்கூட மிஞ்சாது. ஒவ்வொரு பட்டையும் நீளமாகப் போய்விட்டால் கடைசிப் பட்டைக்குத் துணி இருக்காது. குட்டையாகிவிட்டால் மேடையில் நிற்பவர்களின் கால் மட்டும் தனியாக நாடகம் போடும்.

போனில் செய்தி வந்தது. "உயரம் 302 அங்குலம். மேல கம்பிக்கும் கீழ தரைக்கும் சேர்த்து 17 கழிச்சு வெட்டிடுங்க மாஸ்டர். ஊசி போட்டுட்டாங்க, பேச முடியாது." அதோடு முதலாளியம்மா போனை அணைத்துவிட்டார்.

மாஸ்டர் சாக்பீஸை எடுத்தார். மேஜையின் ஓரத்தில் 302 என்று எழுதி, கீழே 17 என்று எழுதினார். இரண்டில் ஏழு போகாது. போகாததை ஏன் வற்புறுத்த வேண்டும் என்று ஏழில் இரண்டைக் கழித்தார். விடை 315. உயரத்தைவிட நீளமான சீலை. கழித்த பிறகு எதுவும் வளராது என்ற அளவுக்கு அவருக்குக் கணக்குத் தெரியும். அழித்தார்.

சரி, கடன்தான் வாங்குவோம் என்று பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தால் அங்கே உட்கார்ந்திருந்தது சைபர். அவரே ஒன்றும் இல்லாதவர். தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டில் ஒன்றும் இல்லை. மாஸ்டர் தயங்கித் தயங்கி மூன்றாவது வீட்டுக்குப் போனார். ஒருமுறை வாங்கி இரண்டு பேருக்கும் பங்கு வைத்தால் 295 வந்தது. ஆளுக்கொரு தடவை தனித்தனியாக வாங்கினால் 195 வந்தது. உள்ளங்கை வியர்த்து, சாக்பீஸ் களிமண்ணாகிவிட்டது.

தன் போனில் கணக்குப் போடும் இடத்தைத் தேடி, அவசர அவசரமாக அழுத்தினார். அது நான்காவதாக 285 என்றது. மற்ற மூன்றில் எதோடும் அது ஒத்துப்போகவில்லை. விரல் எங்கே தவறியதோ, யார் கண்டது?

"என்ன மாஸ்டர், துணியோட ரகசியம் பேசுறீங்களா?" என்றார் மூலையில் இஸ்திரி போடுகிறவர். "மதியத்துக்குள்ள பட்டை வந்தாதான் நான் மடிப்பு எடுக்க முடியும். இல்லேன்னா நாளைக்கு மேடையில சுருக்கத்தோட தொங்கும், என்னைத்தான் திட்டுவாங்க."

"வருது, வருது" என்றார் மாஸ்டர். கத்தரிக்கோலை எடுத்தார். வைத்தார். எடுத்தார்.

"அளவு சொல்லுங்க மாஸ்டர்" என்றாள் ஓவர்லாக் அக்கா.

மாஸ்டர் வாயைத் திறந்தார். நான்கு எண்களும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து நெருக்கியடித்ததில் ஒன்றும் வெளியே வரவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் மிஷின் அருகே போய்க் குனிந்தார்.

"அக்கா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். எனக்குக் கடன் வாங்கிக் கழிக்க வராது. நான் ஒண்ணு சொல்றேன், தப்பா இருந்தா நீங்க கேட்டாச்சுன்னு சொல்லாதீங்க."

அக்கா மிஷினை நிறுத்தினாள். "தப்பா இருந்தா எனக்கு எப்படித் தெரியும் மாஸ்டர்?"

"இத்தனை வருஷமா நீங்கதானே சரிபாக்குறீங்க."

"கேட்டாச்சுன்னா கேட்டேன்னு அர்த்தம். சரின்னு நான் எப்பச் சொன்னேன்? எனக்கும் அந்தக் கணக்கு வராது."

மாஸ்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை காலமும் தனக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கிறது என்று நம்பிச் சாய்ந்திருந்தவர், திரும்பிப் பார்த்தால் சுவரில்லை. தான் வெட்டிய சீலைகள் அத்தனையும் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து ஆடின. ஒருநாள் முதலாளியம்மாவுக்குக் கணக்கில் கை தவறியிருந்தால்?

"முகம் ஏன் வெளுக்குது?" என்றாள் அக்கா. "எழுதினா வரலேன்னா அளந்து பாக்கலாம். முன்னூத்தி ரெண்டு எவ்வளவு தூரம்னு தரையில போடுங்க. அங்கேருந்து பதினேழு பின்னால வாங்க. இதுல யார்கிட்ட என்ன கடன் வாங்கணும்?"

நாற்காலிகளை நகர்த்தினார்கள். பின்சுவரில் டேப்பின் நுனியை வைத்து, அறுபது அங்குலம் முடியும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அங்கிருந்து மறுபடி டேப். அறுபது, நூற்றிருபது, நூற்றெண்பது, இருநூற்று நாற்பது, முன்னூறு. இந்த வரிசை தையல்காரர்களுக்கு மனப்பாடம். மேற்கொண்டு இரண்டு அங்குலம் போனால் வாசல் ஷட்டருக்கு அருகே முன்னூற்று இரண்டு. அங்கே மண்டியிட்டு, டேப்பைத் திருப்பிப் போட்டுப் பதினேழு அங்குலம் பின்னால் வந்து ஒரு கோடு கிழித்தார்.

"இப்ப இந்தக் கோடு எத்தனைல நிக்குது?" என்றாள் அக்கா.

இருநூற்று நாற்பதாவது கோட்டில் டேப்பின் நுனியை வைத்துப் பார்த்தார். புதுக் கோடு நாற்பத்தைந்தில் நின்றது. இருநூற்று நாற்பதும் நாற்பத்தைந்தும் கூட்டலாயிற்றே. கூட்டலில் அவர் சிங்கம்.

"இருநூத்தி எண்பத்தஞ்சு" என்றார். குரல் மணி போல ஒலிக்கவில்லை, விரிசல் விட்ட பானை போல ஒலித்தது.

"கேட்டாச்சு. பாத்தும் ஆச்சு" என்றாள் அக்கா.

வெட்டினார். ஒவ்வொரு பட்டைக்கும் முன்னால் தரையிலிருந்த கோட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். கடைசிப் பட்டை விழுந்தபோது உருளையில் ஒரு கைக்குட்டைக்குப் போதுமான துணி மீதி இருந்தது. அப்போதும் பயம் போகவில்லை. அரங்கத்தில் முன்னூற்று இரண்டு என்று அளந்தவன் சரியாக அளந்தானா என்ற புதுப் பயம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் அரங்கத்தில் கயிறு இழுத்தபோது மாஸ்டர் ஒரு தூணுக்குப் பின்னால் கண்ணை மூடி நின்றார். சீலை சரசரவென்று இறங்கும் சத்தம் நின்ற பிறகும் திறக்கவில்லை. அக்கா முழங்கையால் இடித்தாள். திறந்து பார்த்தார். மெரூன் வெல்வெட் தரையைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளியில் அமைதியாகத் தொங்கியது.

வீங்கிய கன்னத்தோடு முதலாளியம்மா வந்தார். "நல்லாக் கழிச்சிருக்கீங்க மாஸ்டர். எனக்கு இன்னும் ரெண்டு பல்லு எடுக்கணுமாம். இனிமே கணக்கெல்லாம் நீங்களே போட்டுக்குங்க. அடுத்த வாரம் ஒரு ஆஸ்பத்திரி வேலை வருது. ஏழு மாடி. ஒவ்வொரு ஜன்னலும் ஒவ்வொரு அளவு."

மாஸ்டர் பொறுப்பாகத் தலையாட்டினார். முதலாளியம்மா போகும்வரை தலை நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது.

"ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கி வெச்சிடட்டுமா மாஸ்டர்?" என்றாள் ஓவர்லாக் அக்கா மெதுவாக.

"ரெண்டு பெட்டி வாங்குங்கக்கா" என்றார் மாஸ்டர்.