எஸ்தர் ஏற்றாத ஊதுபத்தி

சிம்பாங் அம்பாட் பசாரில் மீன் வாங்க நின்றுகொண்டிருந்தபோது எஸ்தரின் தம்பி செல்வத்தின் அழைப்பு வந்தது. "அக்கா போயிட்டாங்க கா," என்றான். மீன்காரர் பையை நீட்டி "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வாங்கினேனா, இல்லையா என்பது இப்போதும் நினைவில் இல்லை.

கையுறை பெக்டரியில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு எஸ்தரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்தில் முனியம்மாவாகப் பிறந்தவள். இருபத்து மூன்று வயதில் ஞானஸ்நானம் பெற்று எஸ்தர் ஆனாள். அவள் அம்மாவும் தம்பி செல்வமும் அம்மனைக் கும்பிடுகிறவர்கள், என்னைப்போல. என்னைவிட மூன்று மாதம்தான் மூத்தவள். 'அவர்' என்று எழுதினால் சிரித்திருப்பாள்.

ஒரு வருடம் மத்தியான ஷிஃப்டில் பெண்கள் அலறி மயங்கி விழத் தொடங்கினார்கள். ஒரே வாரத்தில் ஐந்து பேர். அந்த மண்ணைக் காக்கும் டத்தோ சாமிக்கு நிர்வாகம் இயந்திரத்தின் அருகே சிவப்பு வர்ணத்தில் ஒரு சின்னக் கோயிலை வைத்து, சுப்பர்வைசர்களும் வேலைக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து ஊதுபத்தி ஏற்ற வேண்டும் என்றது. மலாய்ப் பெண்களை யாரும் கேட்கவில்லை. சீனர்கள் ஏற்றினார்கள். நாங்களும் ஏற்றினோம், எல்லாச் சாமியும் சாமிதான் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். சுப்பர்வைசரான எஸ்தரின் முறை வந்தபோது அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒரு நிமிஷ வேலைதானே. நீயும் இந்தியப் பெண்தானே," என்று மேனேஜர் மலாயில் சொன்னார்.

"மன்னிச்சுக்குங்க சார். இந்தப் பிள்ளைங்களுக்காக இங்கயே நின்னு ஜெபம் பண்றேன். ஊதுபத்தி மட்டும் ஏத்த மாட்டேன்," என்று அவளும் மலாயிலேயே பதில் சொன்னாள். குரல் உயரவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு பெண்ணின் விரல் இயந்திரத்தில் சிக்கி நசுங்கியது. பழி எஸ்தர்மேல் விழுந்தது. "அவளால்தான் டத்தோ சாமிக்குக் கோபம்" என்றார்கள். அவளைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். அவளுடைய சுப்பர்வைசர் வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை இன்று எழுதித்தான் ஆக வேண்டும். அதுமட்டுமல்ல, கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காருவதையும் நிறுத்தினேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான்காம் நாள் அவளே எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எந்த இயந்திரம் எப்போது சூடேறும், எந்தப் பெண்ணுக்கு முதுகுவலி, யாரை எங்கே நிற்க வைக்கக் கூடாது என்று சிம்பாங் அம்பாட் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

"என் மேல கோவம் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு, ரெண்டு நாளு. அப்புறம் யோசிச்சேன். நீ எடுக்கலன்னா வேற யாராச்சும் எடுப்பாங்க. நீன்னா பிள்ளைங்கள திட்ட மாட்டே லா."

அவளை ஒரு பக்கத்தார் மட்டும் நெருக்கவில்லை. அம்மா இறந்த பிறகு வீட்டுச் சாமி படங்கள் அவள் பொறுப்புக்கு வந்தன. ஜெபக்கூட்டத்துக்கு வந்த வெளியூர்ப் போதகர் ஒருவர் அவற்றைக் கோலா சுங்கை பாருவில் கடலில் எறிந்துவிடச் சொன்னார். அன்று நானும் அங்கே இருந்தேன். எஸ்தர் அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றியபடியே சொன்னாள்: "பாஸ்டர், இது எங்கம்மா கண்ணீர் விட்டுக் கும்புட்ட படம். என் தலை இதுக்குக் குனியாது. என் கை இத உடைக்கவும் உடைக்காது." மறுநாள் படங்களைத் துடைத்து, புதுத்துணியில் சுற்றி, செல்வத்தின் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

போன வருடம் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்றார்கள். மருத்துவமனைக்கு ஒழுங்காகப் போனாள், சொன்ன மருந்தையெல்லாம் எடுத்தாள். முடி கொட்டியது, நோய் குறையவில்லை. குறி சொல்லி வியாதி தீர்க்கும் சாமியார் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்ட செல்வம், மந்திரித்த மஞ்சள் கயிற்றோடு வந்து அவள் கட்டிலருகே மண்டியிட்டான்.

"ஒரே ஒரு தடவ கட்டிக்க கா. உனக்காக வேணாம். எனக்காக."

எனக்கும் அவள் கட்டிக்கொள்ள வேண்டும் என்றே இருந்தது. கயிறுதானே என்று நினைத்தேன். எஸ்தர் தம்பியின் கையைக் கயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "உன் அன்ப வாங்கிக்கிறேன்டா. கயித்த எடுத்துட்டுப் போ," என்றாள்.

அவன் போன பிறகு நான் கேட்டேன்: "உனக்குப் பயமே இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. ராவெல்லாம் தூக்கமில்ல. அதுக்காகச் சாமிய மாத்த முடியுமா?"

நான் அசந்துபோனேன். பயமில்லாதவர்களின் பக்தியைப் பார்த்திருக்கிறேன். பயத்துக்கு நடுவில் ஒருத்தி இப்படி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

அடக்கம் முடிந்ததும் உறவினர்கள் பதினாறாம் நாள் கருமாதி பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். செல்வம்தான் தடுத்தான். "அக்கா அவங்க சாமிகிட்ட போயிட்டாங்க. நாம நம்ம வழியில இழுக்க வேணாம்லா," என்றான்.

நான் இன்றும் அம்மனைத்தான் கும்பிடுகிறேன். எஸ்தர் ஒருநாளும் என்னை மாறச் சொன்னதில்லை. போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். வழக்கமாகக் கேட்பவை நிறைய உண்டு: மகனுக்கு வேலை, என் முட்டிவலி, விற்க வைத்திருக்கும் வீட்டுக்கு ஒரு நல்ல விலை. கேட்டது கிடைக்காத மாதங்களில் வேறு கோயில் தேடிப் போனவள் நான். அன்று சன்னதியில் நின்றபோது ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. "கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நான் இங்கேதான் வருவேன், தாயே," என்று மட்டும் சொன்னேன். என் வாழ்நாளில் நான் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. எஸ்தரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு வாக்கியம்.