மினி டிராக்டர் நின்றுபோன சனிக்கிழமை

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். டீசல் இன்ஜின் எப்படி இயங்குகிறது என்பதைக் கரும்பலகையில் படம் போட்டு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அன்றைக்கு நடந்ததை என் மனைவி யாரிடம் சொன்னாலும் இதிலிருந்துதான் ஆரம்பிப்பாள்.

எங்கள் வீடு மதுரை டவுனுக்குள். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி, உசிலம்பட்டி சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒன்றரை ஏக்கர் வாங்கி, கொய்யாவும் எலுமிச்சையும் வைத்திருக்கிறோம். மனைவிக்கு வங்கியில் வேலை. வங்கி விடுமுறை விடும் சனிக்கிழமைகளில் இருவரும் போவோம். கன்றுகளுக்கு நடுவே களை மண்டிக்கிடந்தது. பெரிய டிராக்டர்காரர்கள் இந்தச் சந்துக்குள் எல்லாம் வர முடியாது என்றார்கள். அதனால் ஒரு பழைய மினி டிராக்டரை வாங்கினேன். பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரோடு சேர்த்து அது எங்கள் காரைவிடச் சின்னது. அதன்மேல் ஏறி உட்கார்ந்தால் எனக்கு வரும் மிடுக்கு மட்டும் பெரியது என்பாள் அவள்.

அந்தச் சனிக்கிழமை மூன்றாவது வரிசையில் போய்க்கொண்டிருந்தேன். மண்ணுக்குள் புதைந்திருந்த ஒரு கல்லில் ரோட்டவேட்டர் மடாரென்று மோதியது. வண்டி ஒரு குதி குதித்தது. இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்துபோனது.

இறங்கிப் பார்த்தேன். ரோட்டவேட்டரின் கத்திகள் எதுவும் வளையவில்லை. கல்லைப் புரட்டிப் போட்டுவிட்டு ஏறிச் சாவியைத் திருகினேன். இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் உர்ரென்று சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி திருகினேன். அதே உர்.

வேப்பமரத்தடியில் கொய்யாவுக்குக் குழி பறித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. சின்ன விஷயம்."

உசிலம்பட்டியில் இருக்கும் மெக்கானிக்குக்கு போன் போட்டேன். வண்டியை எங்களுக்கு வாங்கிக் கொடுத்ததே அவர்தான். முப்பது வயதுக்காரர், மிகவும் மரியாதையானவர்.

"செல்ஃப் சுத்துதா சார்?"

"சுத்துது."

"டீசல் இருக்கா?"

பதினெட்டு வருடமாகப் பாடம் நடத்துகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? "இருக்கு" என்றேன், கொஞ்சம் இடைவெளி விட்டு.

"ஸ்டாப் கம்பி உள்ளதானே இருக்கு?"

எங்கள் வண்டியில் சாவியை அணைத்தால் இன்ஜின் நிற்காது. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு குமிழ் உண்டு. அதை இழுத்தால் டீசல் நின்று இன்ஜின் அணையும். திரும்ப உள்ளே தள்ளினால்தான் கிளம்பும். ஓடிக்கொண்டிருந்த வண்டி கல்லில் மோதி நின்றிருக்கிறது. நான் கையே வைக்காத கம்பி எப்படி வெளியே வரும்?

"அதெல்லாம் பார்த்தாச்சு" என்றேன். பார்க்கவில்லை.

"அப்ப நேர்ல பார்த்தாத்தான் தெரியும். கைவேலை ஒண்ணு இருக்கு, முடிச்சுட்டு ஒரு மணிக்குள்ள வாரேன். அதுவரைக்கும் எதையும் கழட்டிராதீங்க சார்."

நான் ஒரு மணி வரை காத்திருக்க முயன்றேன் என்பதைப் பதிவு செய்கிறேன். கால் மணி நேரம் முயன்றேன். அதற்குள் எனக்கு ஒரு கோட்பாடு பிறந்துவிட்டது. மோதின அதிர்ச்சியில் டேங்க்கின் அடியில் படிந்திருந்த கசடு கிளம்பி, டீசல் பில்டரை அடைத்திருக்க வேண்டும். மனைவியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அவரு கழட்ட வேணாம்னாரே?"

"அது தெரியாதவங்களுக்குச் சொல்றது."

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போய்விட்டாள்.

ஸ்பேனரை வைத்து பில்டரைக் கழற்றினேன். முழங்கை வரை டீசல் வழிந்தது. பில்டர் சுத்தமாக இருந்தது. இருந்தாலும் கழற்றியதற்கு மரியாதையாக ஒருமுறை கழுவித் துடைத்து மாட்டினேன். சாவியைத் திருகினேன். உர்.

"ஏங்க, தண்ணி பாட்டிலை எடுங்க" என்றாள் மனைவி தூரத்திலிருந்து.

பை வண்டியில்தான் தொங்கியது. காலையில் வந்ததும் தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டுத் தூக்கும் போட்ட பையை, மாட்டுவதற்கு வாகாக இருக்கிறதே என்று நான்தான் அங்கே மாட்டியிருந்தேன். கையை விட்டு எடுக்கப் போனபோதுதான் அது எதில் மாட்டியிருக்கிறது என்று பார்த்தேன். ஸ்டாப் கம்பியின் குமிழ். வண்டி குதித்தபோது பை ஊசலாடி, கம்பியை முழுசாக வெளியே இழுத்துவிட்டிருந்தது.

ஊசல் பாடத்தை நான் வருடாவருடம் நடத்துகிறேன்.

திரும்பிப் பார்த்தேன். அவள் குனிந்து மண் அள்ளிக்கொண்டிருந்தாள். பையைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலால் குமிழை மெதுவாக உள்ளே தள்ளினேன். தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "யோசிச்சுப் பார்த்தேன். கண்டுபிடிச்சுட்டேன்" என்றேன்.

"என்னத்தை?"

"வந்து பாரு."

வந்தாள். ஏறி உட்கார்ந்து, நிமிர்ந்து, சாவியைத் திருகினேன்.

உர்.

மறுபடி திருகினேன். செல்ஃப் சுற்றும் வேகமும் குறைந்துகொண்டே வந்தது. அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு நிழலுக்குப் போனாள். எனக்கு நிஜமாகவே ஒன்றும் புரியவில்லை. காரணம் தெரிந்த பிறகும் கிளம்பாத வண்டியை என்ன செய்வது?

ஒரு மணிக்குச் சொன்னபடி மெக்கானிக் பைக்கில் வந்தார். வண்டியைப் பார்ப்பதற்கு முன் என் முழங்கையைப் பார்த்தார்.

"கழட்டிட்டீங்களா சார்?"

"பில்டரை மட்டும்."

"காத்து ஏறிருச்சு. டீசல் போற குழாய்ல காத்து நின்னுக்கிட்டா இன்ஜின் எப்பிடிப் புடிக்கும்?"

பில்டர் மேலிருந்த ஒரு சின்ன போல்ட்டைத் தளர்த்திவிட்டு, கைப்பம்பை அமுக்கினார். நுரைநுரையாக டீசல் கொப்பளித்தது. நுரை அடங்கி வெறும் டீசலாக வரும் வரை அமுக்கினார், இறுக்கினார், தன் பைக்கில் கொண்டுவந்திருந்த பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து சாவியைத் திருகினார். கரும்புகை ஒன்று கக்கிவிட்டு வண்டி தடதடத்தது.

நான் பெருமூச்சு விட்டேன். அவர் விடவில்லை. வண்டியை ஓடவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்து காதைக் கொடுத்துக் கேட்டார்.

"காத்து நீங்க கழட்டினதால வந்தது. அதுக்கு மொதல்ல எதுக்கு சார் நின்னுச்சு? அது தெரியாம விட்டா நாளைக்கும் நிக்கும். டீசல் பம்பைப் பிரிச்சுப் பார்த்துருவோமா?"

அந்த நல்ல மனிதர் ஸ்பேனர் பையின் வாயைத் திறந்துவிட்டார். நல்லா இருக்கும் பம்பைப் பிரிக்கப் போகிறார். மனைவி என்னையே பார்த்தாள். அவளுக்கு அப்போதே தெரிந்திருந்ததா என்று இன்றுவரை சொல்ல மறுக்கிறாள்.

"பிரிக்க வேணாம்" என்றேன். "ஸ்டாப் கம்பிதான். அதுல பையை மாட்டியிருந்தேன்."

"பார்த்தாச்சுன்னு சொன்னீங்களே?"

"பார்க்கல."

அவர் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். வரப்பில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு துண்டை எடுத்துவிட்டு, "விடுங்கண்ணே" என்றார். "போன மாசம் எங்க பக்கத்துல ஒருத்தரு இப்பிடித்தான், துண்டை மாட்டிட்டு ரெண்டு நாளு வண்டியைத் தள்ளிக்கிட்டே திரிஞ்சாரு."

"அவரு பிசிக்ஸ் வாத்தியாரா?" என்று கேட்டாள் மனைவி.

"இல்லக்கா. அவரு படிக்காதவரு."

"அப்ப சரி."

எனக்கு முகம் சுட்டது. ஆனால் சார் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அண்ணே என்றதில் ஏதோ ஒரு பாரமும் இறங்கியிருந்தது. மூவருமாக எலுமிச்சைச் சோற்றைப் பகிர்ந்து சாப்பிட்டோம். வண்டியை நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ என்ற பயத்தில், சாப்பிட்டு முடிக்கும்வரை நான் அதை ஓடவிட்டே வைத்திருந்தேன். பேட்டரி ஏறட்டும் என்று காரணம் சொன்னேன். அது உண்மையும்தான்.

மெக்கானிக் கிளம்பிய பிறகு மீதி வரிசைகளை உழ எழுந்தேன். எனக்கு முன்னால் மனைவி சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு ஓட்டத் தெரியாதே?"

"கிளட்ச், பிரேக்கு, கியரு. கார்ல இருக்கிறதுதானே. அம்புட்டுப் பெரிய பாடமா இது?"

முதல் வரிசையில் கொஞ்சம் திணறினாள். இரண்டாவது வரிசை நூல் பிடித்தாற்போல் போனது. என் வரிசைகள் அதற்குப் பக்கத்தில் எப்படித் தெரிந்தன என்பதை நான் சொல்லப்போவதில்லை. வெயில் சாய்ந்து, நாகமலையின் நிழல் எட்டும்வரை அவள் இறங்கவே இல்லை. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மிச்சக் குழிகளைப் பறித்தேன்.