மொட்டைமாடியை விட்டு இறங்காத பெண்கள்

“…அதனால நாங்க இறங்கல அண்ணாச்சி. அடிக்க மாட்டோம், ஏச மாட்டோம். ஆனா இறங்கவும் மாட்டோம்.”

எங்கள் எல்லோருக்கும் அண்ணி முறையான நாலாம் மாடி மைனி இப்படிச் சொன்னதும் செக்ரட்டரி அண்ணாச்சியின் கை ஜிலேபிப் பொட்டலத்தின் மேல் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் கட்டிடத்தின் மொட்டைமாடியில் கொடியேற்றி முடிந்திருந்தது. ஆண்கள் ஜிலேபிக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கொடிக்கம்பத்தைச் சுற்றிச் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆகஸ்ட் பதினைந்து அன்றைக்கு இப்படி ஒரு நிகழ்ச்சி நோட்டீஸ் போர்டில் இல்லை.

தாராவியில் எங்கள் சந்து வீடுகளை இடித்து, அதே இடத்தில் இந்த ஏழு மாடியைக் கட்டி எங்களை ஏற்றிவிட்டார்கள். சந்தில் இருந்தவரை குறுக்கே கயிறு கட்டித் துணி காயப்போடுவோம். போகிறவன் தலையில் சொட்டும், அவன் ஏசுவான், துணி பாட்டுக்குக் காயும். இங்கே ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டிடத்துச் சுவர்தான். மாடியில் பத்ரா, அதாவது தகரக் கூரை, போட்ட இடம் நல்ல காற்றோட்டமாகச் சும்மா கிடக்கிறது. ஆனால் பையன்கள் குடித்துவிட்டு விழுந்துவிடுவார்கள், யாராவது தண்ணீர்த் தொட்டிக்குள் காலை விடுவார்கள் என்று அண்ணாச்சிக்குப் பயம். பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். வருஷத்தில் இரண்டு நாள், தேசத்துக்காக மட்டும், அந்தக் கதவு திறக்கும்.

மைனியின் புருஷன் குர்லாவில் லேத் பட்டறையில் இருந்தவர். பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். படுக்கை விரிப்புகளைத் தினமும் துவைத்தாக வேண்டும், மும்பை மழையில் ஒன்றும் காயாது. ஈர விரிப்பில் கிடந்து முதுகு புண்ணாகிக்கொண்டிருந்தது. மைனி அந்த பத்ரா இடத்தைக் கேட்கும்போதெல்லாம் அண்ணாச்சி, “மீட்டிங்ல பேசுவோம் மைனி” என்பார். மீட்டிங்கில் நானும் இருப்பேன். சமோசாவில் உருளைக்கிழங்கு குறைந்துவிட்டதைப் பற்றித்தான் பேசுவோம்.

அன்று காலை அண்ணாச்சி பிரமாதமாகப் பேசியிருந்தார். ரூபாய் நோட்டில் சிரிக்கிற பெரியவரின் படத்தைக் காட்டி, “ஒரு சொட்டு ரத்தம் சிந்தாம வாங்கின சுதந்திரம்!” என்றார். கைதட்டினோம். மைனி மட்டும் கேட்டாள்: “அடி வாங்கினவங்களுக்கு ரத்தம் வரலியா அண்ணாச்சி, தக்காளிச் சாறா வந்துச்சு? அவங்க திருப்பி அடிக்கல, அம்புட்டுத்தான்.” அதற்கும் கைதட்டினோம். அதற்குப் பிறகுதான் பெண்கள் உட்கார்ந்தார்கள்.

“போலீசைக் கூப்பிடுவேன்” என்றார் அண்ணாச்சி.

“கூப்பிடுங்க. துணி காயப்போட இடம் கேட்டோம்னு எழுதிக்கச் சொல்லுங்க.”

“உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிருவேன்!”

“பூட்டுங்க. உங்க வீட்டுக்காரியும் இங்கதான் இருக்கா.”

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். அவர் சம்சாரம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“நீயுமாட்டீ? மத்தியானம் சோறு யாரு பொங்குவா?”

“அதைத்தான் நானும் யோசிச்சிட்டு இருக்கேன்.”

வாய்ப்பேச்சில் கெட்டிக்காரன் என்று என்னைச் சமாதானத்துக்கு அனுப்பினார்கள். “மைனி, ஜன்னலுக்கு வெளிய ஒரு கம்பி நீட்டித் தாரோம்” என்றேன்.

“நாலாம் மாடியில எட்டி எட்டிப் போடணுமா? ஒரேயடியா எனக்கு விடுதலை வாங்கித் தரப் பாக்கியளோ!”

திரும்பி வந்துவிட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. ஆண்கள் பத்ராவுக்கு அடியில் ஓடினோம். அவர்கள் அசையவில்லை. அண்ணாச்சிக்கே பொறுக்கவில்லை. “உள்ள வாங்க தாயி, காய்ச்சல் வந்துரும்.”

“அந்த எடத்தை விரிப்புக்குத்தான் கேட்டோம், எங்களுக்குக் கேக்கல.”

“அண்ணன் கீழ தனியா கெடக்காரே, அதையாவது நெனச்சுப் பாத்தியளா?”

மைனியின் முகம் ஒரு கணம் மாறியது. குரல் மாறவில்லை. “அவருதான் போகச் சொன்னாரு. நீங்களே போய்க் கேட்டுட்டு வாங்க.”

லிஃப்ட் வழக்கம்போல ஓடவில்லை. அண்ணாச்சி படியில் இறங்கினார், பின்னால் நானும். அந்த ஒற்றை அறையில் குறுக்கும் நெடுக்கும் கயிறு, கயிறு முழுக்க விரிப்பு. எல்லாம் கட்டில் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் மார்பில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருந்தது, சொட்டுவதைப் பிடிக்க. எங்களைப் பார்த்ததும் கோணிய வாயால் சிரித்து, குழறிக் குழறிக் கேட்டார்: “குடை… கொண்டு வந்தியளா?”

அண்ணாச்சி கிண்ணத்தை எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி வைத்தார்.

நானும் ஒருவரையும் கைநீட்டி அடித்ததில்லை, அதனால் நானும் அகிம்சாவாதி என்று அதுவரை நினைத்திருந்தேன். எனக்கு இருந்தது அடி திருப்பி விழுமே என்கிற பயம். மைனியிடம் அது இல்லை. எதிரில் நிற்கிற ஆள் மனுஷன்தான், போய்ப் பார்த்தால் அவருக்கு வலிக்கும் என்று அவள் நம்பினாள். அத்தனை கோபத்திலும் ‘அண்ணாச்சி’ என்பதை அவள் ஒரு தடவைகூட விடவில்லை.

மேலே வந்த அண்ணாச்சி மூச்சு வாங்க அரைஞாணை அவிழ்த்துச் சாவியை நீட்டினார். “மழை வெளியதான் பெய்யுதுன்னு நெனச்சேன் மைனி. வச்சுக்கிடுங்க.”

“எனக்கு எதுக்கு? நாளைக்கு இன்னொருத்தி வந்து எங்கிட்ட கெஞ்சணுமா? பிள்ளைங்க கைக்கு எட்டாம உசரத்துல ஒரு தாழ்ப்பாள் போதும்.”

எழுந்து சேலை முந்தியைப் பிழிந்தாள். கதவின் கொண்டியில் தொங்கிய பூட்டைக் கழற்றி, நீட்டிய அவர் கையில் சாவியோடு சேர்த்து வைத்துவிட்டு, விரிப்புகளை எடுத்துவரப் படியிறங்கிப் போனாள்.