காக்கி உடுப்பில் வந்த தாய்மாமன்

அறுபதுகளின் தொடக்கத்தில், ஆலங்குடிக்குப் பக்கத்தில் நான் வாழ்க்கைப்பட்ட ஊரில் நடந்தது இது. என் மூத்த மகளுக்குக் காது குத்து வைத்திருந்தோம். எங்கள் பக்கத்தில் கல்யாணத்தைக்கூடச் சுருக்கமாக முடித்துவிடலாம், காது குத்தை முடியாது. தாய்மாமன் சீரோடு வர வேண்டும். அவர் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். மாமன் வராவிட்டால் அந்தப் பிள்ளையின் தாய்க்கு நாதியில்லை என்று ஊரே பேசும்.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் ஒருவர் கீரமங்கலத்தில் இருந்தார். ஆனால் அவர் என்னைத் தலைமுழுகிவிட்டிருந்தார். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தாவணி போட்டிருந்த வயதில், சந்தையில் பழக்கமான ஒரு பெண்மணி, மதராஸில் பெரிய இடத்தில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை என்று சொல்லி என்னை அழைத்துப் போனாள். அது என்ன வீடு என்பது போன அன்றே தெரிந்துவிட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை. போலீஸ் வந்து மீட்டது. கோர்ட்டில் என்னை ஒரு சர்க்கார் இல்லத்துக்கு அனுப்பினார்கள். அண்ணனோ, "அப்படி ஒரு தங்கச்சியே எனக்கு இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த இல்லத்தை முதலில் ஜெயில் என்றுதான் நினைத்தேன். உயரமான சுவர், பூட்டிய கேட், கேட்டில் காக்கி உடுப்புப் போட்ட வாட்ச்மேன். அவர் மீசையைப் பார்த்தாலே நான் உள்ளே ஓடிவிடுவேன். ஒருநாள் என்னை ஏமாற்றிய அதே பெண்மணி, பூவும் பழமுமாக, "நான் அவளுக்குச் சொந்த அத்தை, கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்" என்று வந்து நின்றாள். கூடவே தடியாக இரண்டு ஆட்கள். இல்லத்தை நடத்திய சூப்பரின்டெண்டென்ட் அம்மா வெளியூர் போயிருந்தார்கள். வந்தவர்கள் வாட்ச்மேனிடம் முதலில் நைச்சியமாகப் பேசினார்கள், பிறகு சட்டையைப் பிடித்து அடித்தார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கம்பை ஊன்றிக்கொண்டு, "அம்மா வராம இந்தக் கேட் தொறக்காது. வேணும்னா என்னை மிதிச்சுட்டுப் போங்க" என்று ஒரே பேச்சாக நின்றுவிட்டார். அவர்கள் திட்டிக்கொண்டே போனார்கள். அந்தப் பூட்டு யாருக்காகப் போட்டது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அவர் எனக்கு வாட்ச்மேன் அண்ணன். மீசைகூடக் கொஞ்சம் அழகாகத் தெரிய ஆரம்பித்தது.

அங்கேதான் எழுத்துக் கூட்டிப் படித்தேன், தையல் கற்றேன். எண்ணெய் மில்லில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் அங்கே வந்து பெண் கேட்டார். சூப்பரின்டெண்டென்ட் அம்மா அவரைக் கேட்ட கேள்விகளில் மனிதர் வேர்த்துப் போய்விட்டார். என் கதை முழுவதும் அவருக்குத் தெரியும். மாமியாருக்கும் ஊருக்கும், ஆதரவில்லாத பெண்களைச் சர்க்கார் வளர்க்கும் இடத்துப் பெண் என்று மட்டும்தான் தெரியும். மாமியார் வாய் கொஞ்சம் நீளம். காது குத்துப் பேச்சு எடுத்ததும், "ஒனக்குன்னு ஒரு மாமன் மடிகூடவா கெடைக்கல?" என்று ஆரம்பித்துவிட்டார்.

அன்று காலை குலதெய்வக் கோயிலில் குழந்தைக்கு முடியிறக்கி, சந்தனம் பூசி வைத்திருந்தோம். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். அப்போது பஸ் ரோட்டிலிருந்து வரிசையாகச் சீர்த்தட்டுகள் வந்தன. முன்னால் சூப்பரின்டெண்டென்ட் அம்மா, பின்னால் தையல் டீச்சர், சமையல்கார அக்கா. நடுவில் தலையில் தட்டோடு வாட்ச்மேன் அண்ணன். எனக்குத் தெரியாமல் என் வீட்டுக்காரர் போய் அழைத்திருக்கிறார்! தேங்காய் பழத்தோடு, அங்கே எங்களுக்குக் கொடுக்கும் பால் பவுடர் டின்னும் தட்டில் இருந்தது. குழந்தைக்குத் தைத்திருந்த கவுனில் அவளைப் போல மூன்று பேர் நுழையலாம். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் வாட்ச்மேன் அண்ணன் காக்கி உடுப்பிலேயே வந்திருந்தார். நல்ல காரியம் என்று துவைத்துக் கஞ்சி போட்டு, பித்தளைப் பொத்தானெல்லாம் துலக்கிப் போட்டிருந்தார். அவரிடம் இருந்ததிலேயே நல்ல துணி அதுதான். என் சின்ன மாமனார் கண் அதில்தான் விழுந்தது.

"காக்கி போட்டுக் காவல் காக்குற எடமா அது? அனாதைப் புள்ளைகளுக்குக் காவல் எதுக்குங்க?" என்று சத்தமாகவே கேட்டார். சூப்பரின்டெண்டென்ட் அம்மா என் முகத்தைப் பார்த்தார்கள். இல்லத்துக் கதையை அவர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். வாட்ச்மேன் அண்ணன் தலையிலிருந்த தட்டை இறக்காமல், "நான் வேணும்னா பஸ்ஸுக்குப் போயிடறேம்மா" என்றார் மெதுவாக.

அதைக் கேட்டதும் எனக்குப் பொங்கிவிட்டது.

"போகாதீங்கண்ணே" என்றேன். "மாமா, நான் அனாதை இல்ல. வேலைக்குன்னு ஏமாத்திக் கூட்டிட்டுப் போய் என்னை வித்துட்டாங்க. போலீசு மீட்டு அங்க விட்டுச்சு. வித்தவ மறுபடியும் என்னைத் தேடி வந்தப்ப, அடி வாங்கிக்கிட்டுக் கேட்டைத் தொறக்காம நின்னது இந்த அண்ணன்தான். எம்புள்ளைக்கு மாமன் இவருதான்."

சொல்லிவிட்டேன். வீட்டுக்குள் இனி அடியெடுத்து வைக்க முடியுமோ என்னவோ! மாமியார் என்னையே பார்த்தார். பிறகு வாட்ச்மேன் அண்ணன் பக்கம் திரும்பி, "நெசமாவே தொறக்கலையா?" என்று கேட்டார்.

"அம்மா உத்தரவு இல்லாம எப்படிம்மா தொறக்கிறது?" என்றார் அவர் அப்பாவியாக.

மாமியார் சின்ன மாமனாரிடம் திரும்பினார். "சம்பந்தி வீட்டாளுக வெயில்ல நிக்கிறாங்க, ஒங்களுக்கு என்ன விசாரணை வேண்டிக்கெடக்கு? மணையைத் தூக்கி இங்கிட்டுப் போடுங்க" என்றார். சின்ன மாமனாரே மணையைத் தூக்கிவந்து போட வேண்டியதாயிற்று.

அண்ணன் மணையில் உட்கார்ந்தார். என் மகள் அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். அவளுக்குக் காது குத்தும்போது அவர்தான் அவளைவிட அதிகமாக அழுதார். மாமனுக்குப் போடும் மாலையை மாமியாரே எடுத்து அவர் கழுத்தில் போட்டார். அன்றிரவு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இத்தன நாளா இதைத் தனியாவே தூக்கிச் சுமந்தியா ஆத்தா?" என்று என் தலையைத் தடவிக் கொடுத்தார். அந்த நீள வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

என் மற்றப் பிள்ளைகளுக்குக் காது குத்தியபோது, "மாமன் வந்தாச்சா?" என்றுதான் ஊர் கேட்டது. எந்த மாமன் என்று யாரும் கேட்கவில்லை. உனக்குப் பிறந்த வீடு எது என்று இன்று யார் கேட்டாலும், அந்தச் சர்க்கார் இல்லம் இருந்த ஊரின் பெயரைத்தான் கூசாமல் சொல்கிறேன்.