துள்ளிய மீன் சொன்ன பொய்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கிணற்றை எட்டிப் பார்த்தேன். அன்றிலிருந்து டம்ளரைக் கையில் எடுத்தாலே பயமாக இருக்கிறது!

மண்ணூர்பேட்டையில் எங்களுக்கு அடுத்த வீடு ஆரோக்கியசாமி வீடு. லேத் பட்டறை வைத்திருக்கிறார். தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டவர்களுக்கு எப்போதும் ஒரு கவலை உண்டு. கம்பெனிக் கழிவு என்றைக்குக் கிணற்றில் இறங்குமோ?

அதற்கு எங்கள் தெருவில் ஒரு வழி வைத்திருக்கிறோம். கிணற்றில் கெண்டைக் குஞ்சுகளை விட்டுவிடுவோம். சோறு போட்டால் வெள்ளை வெள்ளையாக மேலே வந்து துள்ள வேண்டும். துள்ளினால் நல்ல தண்ணீர். செத்து மிதந்தால் ஆபத்து. லேபாவது, டெஸ்ட்டாவது! ஆரோக்கியசாமி தினமும் விடியற்காலை இருட்டில் ஒரு பிடி சோறு போட்டு, மீன் துள்ளும் சத்தம் கேட்ட பிறகுதான் வாளியை இறக்குவார்.

போன வருஷம் அவருடைய மச்சான், பூந்தமல்லிப் பக்கத்து ஏரியிலிருந்து பிளாஸ்டிக் பையில் நாலைந்து கறுப்பு ஜிலேபி மீன் கொண்டுவந்து அதே கிணற்றில் விட்டார். வளர்ந்தால் குழம்புக்கு ஆச்சே! ஜிலேபி நம் ஊர் மீன் இல்லை. என்றைக்கோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டது... இப்போது இல்லாத ஏரி இல்லை.

வந்த புதிதில் பாவமாகத்தான் இருந்தன. ஆள் நிழல் பட்டாலே அடியில் பதுங்கிவிடும். சோறு விழுந்தாலும் வராது. ஆரோக்கியசாமியின் மனைவி பிலோமினாவுக்கு மனசு கேட்கவில்லை. "புது எடம் இல்ல? பழகிக்கும், உடுங்க" என்றார்.

பழகிக்கொண்டன — கெண்டைகளின் வாலைப் பிடித்துக்கொண்டே! கெண்டை சோற்றுக்கு மேலே வந்தால் இவையும் வரும். மீன்கொத்தியைப் பார்த்துக் கெண்டை கிணற்று உறையின் இடுக்கில் நுழைந்தால் இவையும் நுழையும். எது சாப்பாடு, எது ஆபத்து, எங்கே ஒளிவது... அத்தனையும் நம் கெண்டையின் இலவச டியூஷன். புதிதாகக் குடிவந்தவர் நம் பின்னாலேயே வந்து ரேஷன் கடையைத் தெரிந்துகொள்வதில்லையா? அப்படி நினைத்து நானும் ரசித்தேன்.

இரண்டு மாசம் முன்னால் அவர்கள் மகள் ஸ்டெல்லா பிரசவத்துக்காக வேப்பம்பட்டிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்தாள். வந்ததிலிருந்து வாந்தி, வயிற்றுப்போக்கு. பிள்ளைத்தாச்சி உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். போன வாரம் எழுந்து நிற்க முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி — "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"

ஆரோக்கியசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக என்னிடம் வந்தார்.

"நீயே வந்து பாரு சார்! மீனு அப்டி துள்ளிகினு கீது. நாங்களும் அதத்தான குடிக்கிறோம், எங்களுக்கு இன்னா ஆச்சி? தண்ணில இன்னா கொறன்றாங்க?"

போனேன். உச்சி வெயில் கிணற்றுக்குள் நேராக இறங்கியிருந்தது. சோற்றைப் போட்டார். தண்ணீரே தெரியாத அளவுக்குத் துள்ளல்!

"பாத்தியா சார்?"

பார்த்தேன். எல்லாம் கறுப்பு. ஒன்றுகூட வெள்ளை இல்லை.

"கெண்டை எங்கேங்க?"

இன்னொரு பிடி போட்டார். மறுபடியும் கறுப்பு. குனிந்து உள்ளே தேடினார்.

"செத்திருந்தா மெதந்திருக்கணுமே சார்..."

பின்னால் நின்ற பிலோமினாதான் மெதுவாகச் சொன்னார்: "எங்க மெதக்கும்? இதுங்க உட்டு வெச்சிருக்குமா? துன்னுட்டிருக்கும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஜிலேபி எந்தச் சாக்கடையிலும் பிழைக்கும், பெருகும். தண்ணீர் கெட்டதும் கெண்டை செத்திருக்கிறது. சேதி சொல்ல வேண்டிய பிணத்தையும் இவை தின்றுவிட்டு, கெண்டையிடம் கற்ற அதே துள்ளலைத் தினமும் துள்ளிக் காட்டியிருக்கின்றன. அதை நம்பி, பெற்ற அப்பாவே பிள்ளைத்தாச்சிப் பெண்ணுக்கு அந்தத் தண்ணீரை மொண்டு கொடுத்திருக்கிறார்!

கிணற்றுத் தண்ணீரை நிறுத்தி, லாரித் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். ஸ்டெல்லா தேறிவிட்டாள். வயிற்றில் குழந்தை உதைக்கிறதாம். ஆண்டவர் காப்பாற்றினார் என்று பிலோமினா அழுதார்.

நேற்று ஆரோக்கியசாமி கிணற்றுக்குத் தகரம் போட்டு மூடினார். பழக்கதோஷம்... கையில் ஒரு பிடி சோறு இருந்தது. தகரத்துக்கு அடியில் துள்ளும் சத்தம் கேட்டது.

காவலுக்கு ஆள் வைத்திருக்கிறீர்களா? குரலை மட்டும் கேட்டுவிட்டுத் தூங்கிவிடாதீர்கள். அவ்வப்போது முகத்தையும் பாருங்கள்!